தாய் உண்ணும் உணவும் பிள்ளையின் இதயமும்: ஓர் எளிய விளக்கம்

கரு உண்டாகி ஏறத்தாழ 22-ஆம் நாளில் குழந்தையின் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. மாதவிலக்கு ஒரு வாரம் தள்ளிப் போயிருக்கிறதே என்று தாய் ஐயப்படும் நாட்களும் ஏறக்குறைய அவையே. அவர் மருந்துக் கடையில் பரிசோதனைப் பட்டை வாங்கி உறுதி செய்துகொண்டு, வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி, மும்பையின் சயான் மருத்துவமனையிலோ தாராவிக்குப் பக்கத்தில் உள்ள மாநகராட்சி மகப்பேறு இல்லத்திலோ பெயரைப் பதிவு செய்யப் போகும்போது, பல வேளைகளில் அந்த இதயத்தின் நான்கு அறைகளும் வால்வுகளும் பெரும்பாலும் உருவாகி முடிந்திருக்கும். அந்த வாரங்களில் குழந்தையின் உடலைக் கட்டிய பொருள்கள் தாய் அன்றாடம் உண்டவற்றிலிருந்தும், அதற்கு முந்தைய மாதங்களில் அவர் உடல் சேர்த்து வைத்திருந்த சத்துகளிலிருந்தும் வந்தவை.

கருப்பையில் கிடைக்கும் ஊட்டம், பிறந்து ஐம்பது அறுபது ஆண்டுகள் கழித்து வரக்கூடிய மாரடைப்பு, உயர் இரத்த அழுத்தம் போன்ற நோய்களின் வாய்ப்பை ஓரளவு கூட்டவோ குறைக்கவோ செய்கிறது என்பதே இக்கட்டுரை விளக்க முற்படும் கருத்து. 'ஓரளவு' என்ற சொல்லை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கருத்தைத் தாயின் மீது சுமத்தும் பழியாகப் படிப்பவர்களும் இருக்கிறார்கள். வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்குபவர்களும் இருக்கிறார்கள். ஆய்வுகள் இரண்டு பக்கத்துக்கும் இடம் கொடுக்கவில்லை.

செவிலியர் எழுதிய பேரேடுகள்

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் 1911-ஆம் ஆண்டு முதல் எத்தல் மார்கரெட் பர்ன்சைடு என்ற தலைமைச் செவிலியரின் மேற்பார்வையில் ஒரு வழக்கம் நடைமுறையில் இருந்தது. மருத்துவச்சிகள் ஒவ்வொரு குழந்தையையும் பிறந்தவுடன் எடை போட்டுக் குறிப்பெழுதினார்கள். ஒரு வயது நிறையும்போது செவிலியர்கள் வீடு தேடிச் சென்று மறுபடியும் எடை பார்த்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பார்க்கரும் அவருடைய குழுவினரும் அந்தப் பேரேடுகளைத் தேடி எடுத்தார்கள். 1911-க்கும் 1930-க்கும் இடையில் அங்கே பிறந்த 5,654 ஆண்களின் பிற்கால வாழ்வைத் தொடர்ந்து பார்த்தபோது, பிறப்பிலும் முதல் வயதிலும் எடை குறைவாக இருந்தவர்களே இதய இரத்தக்குழாய் நோயால் அதிகம் இறந்திருப்பது தெரிய வந்தது. இந்த முடிவு 1989-இல் வெளியானது. மாரடைப்பு வசதி படைத்தவர்களின் நோய் என்று பலர் எண்ணியிருந்த காலத்தில், வறிய வீடுகளில் மெலிந்து பிறந்தவர்களுக்கு அது அதிகம் என்று பார்க்கர் சொன்னதைப் பலர் ஏற்கத் தயங்கினார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று மைசூரிலிருந்து வந்தது. அங்குள்ள ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனை 1934 முதல் பிறப்புக் குறிப்புகளைப் பாதுகாத்து வந்திருந்தது. 1934-க்கும் 1954-க்கும் இடையில் அங்கே பிறந்து, பின்னர் அந்நகரிலேயே வாழ்ந்துவந்த 517 பேரை ஆய்வாளர்கள் கண்டுபிடித்துப் பரிசோதித்தார்கள். பிறந்தபோது இரண்டரைக் கிலோவும் அதற்குக் குறைவுமாக இருந்தவர்களில் 11 விழுக்காட்டினருக்கு இதய இரத்தக்குழாய் நோய் இருந்தது. மூன்று கிலோவுக்கு மேல் இருந்தவர்களில் அது 3 விழுக்காடு மட்டுமே. 1996-இல் வெளியான இந்த ஆய்வு, ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் கண்டது அந்த ஊரோடு முடிந்துவிடும் செய்தி அல்ல என்பதை உணர்த்தியது.

பிறப்பு எடை என்பது ஓர் அடையாளமே தவிர அதுவே காரணம் அல்ல. கருப்பையில் குழந்தைக்கு என்ன கிடைத்தது, எது கிடைக்காமல் போனது என்பதை எடை ஓரளவுக்குத்தான் காட்டும். ஆகவே கருவின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

குறைந்த சத்தைக் கரு எப்படிப் பங்கிடுகிறது

நஞ்சுக்கொடி வழியாக வரும் சத்தும் ஆக்சிஜனும் போதாதபோது கரு வளர்ச்சியை முழுவதுமாக நிறுத்திவிடுவதில்லை. வருமானம் குறைந்த வீட்டில் முதலில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, ஒழுகும் கூரையை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவார்களே, அதைப் போல அது மூளைக்கு முதலிடம் தருகிறது. இரத்த ஓட்டம் மூளைப் பக்கம் திருப்பப்படுகிறது. சிறுநீரகம், கல்லீரல், கணையம், தசை, கால்கள் ஆகியவற்றுக்குச் செல்லும் பங்கு குறைகிறது. அந்த நேரத்தில் உயிரைக் காக்கும் ஏற்பாடு இது. இதன் விலை பிற்காலத்தில் தெரிகிறது, ஏனென்றால் சில உறுப்புகள் கருப்பையில் கிடைத்த காலத்துக்குள் கட்டி முடிக்கப்பட வேண்டியவை. பிறகு அவற்றைக் கூட்டிக் கட்ட உடலால் முடியாது.

சிறுநீரகம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அலகுகளுக்கு நெஃப்ரான் என்று பெயர். ஒரு சிறுநீரகத்தில் சராசரியாக சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. ஆனால் ஆளுக்கு ஆள் இந்த எண்ணிக்கை பல மடங்கு வேறுபடுகிறது. கர்ப்பத்தின் 36-ஆவது வாரத்துக்குள் புதிய நெஃப்ரான்கள் உருவாவது நின்றுவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு நல்ல உணவு கிடைத்தாலும் ஒரு நெஃப்ரான்கூடப் புதிதாகத் தோன்றாது. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளுக்கு இவை பொதுவாகக் குறைவாகவே இருக்கின்றன. குறைந்த எண்ணிக்கையிலான நெஃப்ரான்கள் முழு உடலின் உப்பையும் நீரையும் வெளியேற்ற வேண்டியிருப்பதால் ஒவ்வொன்றின் மீதும் அழுத்தம் கூடுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அவற்றில் சில பழுதாகின்றன. எஞ்சியவற்றின் சுமை மேலும் ஏறுகிறது. இரத்த அழுத்தம் மெல்ல உயர்கிறது. இந்த விளக்கத்தை பேரி பிரென்னர் என்ற சிறுநீரக மருத்துவ அறிஞரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1988-இல் முன்வைத்தார்கள். விபத்துகளில் இறந்தவர்களின் சிறுநீரகங்களில் நெஃப்ரான்களை எண்ணிப் பார்த்த ஒரு ஜெர்மானிய ஆய்வு 2003-இல் வெளியானபோது, உயர் இரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு நெஃப்ரான்கள் மற்றவர்களுக்கு இருந்ததில் ஏறக்குறைய பாதி அளவே இருந்தது தெரிந்தது. எண்ணிப் பார்க்கப்பட்டவர்கள் மிகச் சிலரே என்றாலும், பிரென்னரின் விளக்கத்துக்கு அது வலுச் சேர்த்தது.

இதயத் தசையும் ஏறக்குறைய இதே வழியில் செல்கிறது. கருப்பையில் இதயத் தசைச் செல்கள் பிரிந்து பிரிந்து எண்ணிக்கையில் பெருகுகின்றன. பிறப்பை ஒட்டிய காலத்தில் இந்தப் பெருக்கம் பெரும்பாலும் ஓய்ந்து, அதன் பின்னர் இருக்கும் செல்கள் அளவில் பெரிதாவதன் மூலமே இதயம் வளர்கிறது. வயது வந்தவரின் இதயத்தில் ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு செல்களே புதுப்பிக்கப்படுகின்றன. முதுமையில் அதுவும் பாதியாகிறது. ஆகவே குறைந்த செல்களோடு பிறந்த இதயம், வாழ்நாள் முழுவதும் கூடுதல் சுமையைத் தாங்கியே ஓடுகிறது.

தமனிகளின் கதை இதைவிட நுட்பமானது. ஒவ்வொரு துடிப்பிலும் பெருந்தமனி விரிந்து சுருங்குவதற்கு எலாஸ்டின் என்ற மீள்தன்மையுள்ள புரதம் காரணமாக இருக்கிறது. இது கர்ப்பத்தின் பிற்பகுதியிலும் பிறந்த சில மாதங்களிலும்தான் பெருமளவில் உருவாகிறது. பிறகு பல பத்தாண்டுகள் அதே இழைகள்தாம் உழைக்கின்றன. அந்தக் காலத்தில் எலாஸ்டின் குறைவாகப் படிந்தால் தமனிச் சுவர் சற்று விறைப்பாக அமைகிறது. விறைத்த தமனிக்குள் இரத்தத்தைச் செலுத்த இதயம் கூடுதல் விசையோடு வேலை செய்ய வேண்டும். வயது ஏற ஏற எல்லோருக்கும் தமனி விறைக்கும். இவர்களுக்கு அது முன்கூட்டியே தொடங்குகிறது.

இன்னொரு வழி, உடல் நெருக்கடிக்கு உள்ளாகும்போது மிகுதியாகச் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் சார்ந்தது. தாயின் உடலில் ஓடும் கார்டிசால் அப்படியே குழந்தையைச் சென்று சேராதபடி நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி அதன் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்கிறது. கர்ப்பமான எலிகளுக்குப் புரதம் பாதியாகக் குறைக்கப்பட்ட உணவைக் கொடுத்து ஆராய்ந்தபோது, இந்த நொதியின் செயல்பாடு குறைந்தது. அவற்றின் குட்டிகளுக்கு வளர்ந்த பிறகு இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தது. எலியின் உடலில் நடப்பதை மனிதருக்கு அப்படியே ஏற்றிச் சொல்லக் கூடாது. ஆனாலும் தாயின் தட்டில் உள்ள புரதத்துக்கும் பிள்ளையின் இரத்த அழுத்தத்துக்கும் இடையில் ஒரு பாதை இருக்க முடியும் என்பதை அது காட்டியது.

கடைசியாக, மரபணுக்களின் மீது படியும் வேதிக் குறிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துவதில் மெத்தில் என்ற சிறிய வேதித் தொகுதிக்குப் பங்கு உண்டு. இந்தத் தொகுதிகளை உடல் தயாரிக்க ஃபோலேட், வைட்டமின் பி12, கோலின் ஆகியவை தேவை. கீரை, பருப்பு, பால், முட்டை, மீன் போன்றவற்றிலிருந்து இவை கிடைக்கின்றன. கரு உண்டாகும் காலத்தில் இவற்றின் வரத்து எப்படி இருந்தது என்பதன் தடம் நெடுங்காலம் மறையாமல் இருக்கக்கூடும்.

பஞ்சம் காட்டிய கால அட்டவணை

1944-ஆம் ஆண்டின் இறுதியில், ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்த நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு வரத்து தடைபட்டது. மிக மோசமான மாதங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 முதல் 800 கலோரி வரையே பங்கீடாகக் கிடைத்தது. 1945 மே மாதத்தில் விடுதலை வந்ததும் உணவு மீண்டும் கிடைத்தது. பஞ்சம் தொடங்கியதும் முடிந்ததும் துல்லியமாகத் தெரிந்ததால், எந்தக் குழந்தை கர்ப்பத்தின் எந்தப் பருவத்தில் அதற்கு ஆளானது என்பதைப் பிற்கால ஆய்வாளர்களால் கணக்கிட முடிந்தது. மனிதர்களை வேண்டுமென்றே பட்டினி போட்டு எவரும் ஆய்வு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அந்தக் கொடுமையிலிருந்து கிடைத்த அறிவு என்பதை மறக்காமலே இதைப் படிக்க வேண்டும்.

கர்ப்பத்தின் முதல் மாதங்களில் பஞ்சத்துக்கு ஆளானவர்களுக்கு ஐம்பது வயதையொட்டி இதய இரத்தக்குழாய் நோய் 8.8 விழுக்காடாகவும், ஆளாகாதவர்களுக்கு 3.2 விழுக்காடாகவும் இருந்தது. நடு மாதங்களில் ஆளானவர்களுக்குச் சிறுநீரில் புரதம் கசிவது அதிகமாகக் காணப்பட்டது. நெஃப்ரான்கள் விரைந்து பெருகும் பருவம் அது. கடைசி மாதங்களில் ஆளானவர்கள் எடை குறைந்து பிறந்தார்கள். பிற்காலத்தில் சர்க்கரையைக் கையாளும் திறன் அவர்களுக்குக் குறைந்திருந்தது. முதல் மாதங்களில் மட்டும் பட்டினியை அறிந்து, பிறகு உணவு கிடைத்த குழந்தைகளின் பிறப்பு எடையில் குறை எதுவும் தெரியவில்லை என்பது என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வின் மிக முக்கியமான செய்தி. தராசில் சரியாக நின்ற குழந்தைகளுக்கும் இதய நோய் கூடியிருந்தது. பஞ்சத்தின்போது கரு உண்டானவர்களையும், பஞ்சத்துக்கு வெளியே கருவில் வளர்ந்த அவர்களுடைய உடன்பிறந்தவர்களையும் ஒப்பிட்ட 2008-ஆம் ஆண்டு ஆய்வொன்று, அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னும் வளர்ச்சி தொடர்பான ஒரு மரபணுவில் மெத்தில் குறிகள் குறைந்திருப்பதைக் கண்டது.

மெலிந்தும் கொழுத்தும் பிறக்கும் நம் குழந்தைகள்

மும்பையிலிருந்து சில மணி நேரத் தொலைவில் உள்ள புனேயில், கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 1993-இல் அருகிலுள்ள ஆறு கிராமங்களில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளுக்கு அது சுமார் மூன்றரைக் கிலோ. இந்தியக் குழந்தைகளின் தசையும் வயிற்று உறுப்புகளும் சிறுத்திருந்தன. ஆனால் தோலுக்கடியில், சிறப்பாக முதுகுப் பக்கம், கொழுப்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை. எடையில் சிறியதாகவும் கொழுப்பு விகிதத்தில் கூடியதாகவும் இருக்கும் இந்த உடலமைப்பு, பிற்காலச் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் ஏற்ற தளமாக அமைகிறது என்று யாஜ்னிக் கருதினார். ஒல்லியாகத் தெரியும் நம் மனிதர்களுக்கு இளம் வயதிலேயே மாரடைப்பு ஏன் வருகிறது என்று கேட்பவர்களுக்கு, விடையின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் வெளிப்பட்டது. தாய் எத்தனை கலோரி உண்டார் என்பதைவிட, கீரை, பால், பழம் ஆகியவற்றை எவ்வளவு அடிக்கடி உண்டார் என்பதே குழந்தையின் வளர்ச்சியோடு தெளிவாகத் தொடர்புற்றிருந்தது. வயிறு நிறைய வெள்ளைச் சோறு உண்பதும் சத்து நிறைய உண்பதும் வேறு வேறு.

இந்தக் கண்டுபிடிப்பை வைத்து மும்பையிலேயே ஒரு பெரிய பரிசோதனை 2006-இல் தொடங்கியது. நகரின் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்த, குழந்தை பெற விரும்பிய 6,500-க்கும் மேற்பட்ட பெண்களை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கீரை, பழம், பால் சேர்த்துச் செய்த சிற்றுண்டி. மற்றக் குழுவுக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்ற, நுண்சத்து குறைந்த காய்களால் செய்த சிற்றுண்டி. கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்கி, பிரசவம் வரை அன்றாடம் மையத்துக்கு வந்து உண்ண வேண்டும் என்பது ஏற்பாடு. மொத்தமாகப் பார்த்தபோது பிறப்பு எடையில் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. கருத்தரிப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே உண்ணத் தொடங்கியிருந்தவர்களின் குழந்தைகள் மட்டும் சராசரியாக 48 கிராம் கூடுதலாக இருந்தார்கள். அந்தப் பயனும் மிகவும் மெலிந்த தாய்மார்களுக்குக் கிட்டவில்லை. ஆனால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய், சத்துச் சிற்றுண்டி உண்டவர்களில் 7.3 விழுக்காடாகவும் மற்றவர்களில் 12.4 விழுக்காடாகவும் இருந்தது. ஒரு கைப்பிடிக் கீரையும் கொஞ்சம் பாலும் சேர்ந்த பண்டத்துக்கு இது சிறிய வெற்றி அல்ல. மெலிந்த தாய்க்கு ஒரு சிற்றுண்டி போதாது என்பதையும் இதே முடிவு சொல்கிறது. அவருக்கு முழு வயிற்றுக்கு உணவும், அதற்கு முன் சில ஆண்டுகளும் தேவை.

ஹைதராபாதைச் சுற்றியுள்ள கிராமங்களில் 1987-க்கும் 1990-க்கும் இடையில் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அங்கன்வாடி வழியாக ஊட்டச்சத்து உணவு வழங்கப்பட்டது. அப்போது பிறந்தவர்கள் பதின்ம வயதை எட்டியபோது, உணவு வழங்கப்படாத கிராமங்களின் பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். உணவு பெற்ற ஊர்களின் பிள்ளைகளுக்குத் தமனி விறைப்பு குறைவாக இருந்தது; இன்சுலின் எதிர்ப்பும், அதாவது சுரக்கும் இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காத நிலையும், குறைவாக இருந்தது; இரத்த அழுத்தத்தில் பெரிய வேறுபாடு இல்லை. தாய்க்கும் சேய்க்கும் சேர்த்துக் கொடுத்த உணவு என்பதால், எந்தப் பங்கு கருப்பையில் நிகழ்ந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அங்கன்வாடியில் கொடுக்கும் மாவுப் பொட்டலத்தை ஏழைகளுக்கானது என்று வெட்கப்பட்டு வாங்காமல் விடும் குடும்பங்கள் இந்த முடிவை அறிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

மிகுதியும் தீங்கே

இதுவரை பற்றாக்குறையைப் பற்றியே சொன்னேன். 'இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும்' என்று சொல்லி, வளைகாப்புக்குப் பின் இனிப்பும் எண்ணெய்ப் பண்டமுமாகத் தாயின் முன் குவிக்கும் வீடுகளிலும் கரு வேறு வகைச் சிக்கலைச் சந்திக்கிறது. தாயின் இரத்தத்தில் உள்ள சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையிடம் போகும், இன்சுலின் போகாது. ஆகவே வரும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. சர்க்கரை கொழுப்பாகச் சேர்கிறது. கருத்தரிக்கும் முன்பே கட்டுப்பாடற்ற சர்க்கரை நோய் இருந்தால், குழந்தையின் இதயத்தில் பிறவிக் குறைபாடு ஏற்படும் வாய்ப்பும் கூடுகிறது. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 37,709 பேரின் குறிப்புகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பருமன் மிக்க தாய்மார்களின் பிள்ளைகள் பிற்காலத்தில் இதய நோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு 29 விழுக்காடு அதிகமாக இருந்தது.

சென்னையைச் சேர்ந்த சர்க்கரை நோய் மருத்துவர் வி. சேஷய்யா, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் எளிய முறையில் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று பல்லாண்டுகள் வலியுறுத்தினார். இன்று அரசு நெறிமுறையும் அதைத்தான் சொல்கிறது. உணவு உண்டிருந்தாலும் உண்ணாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தைச் சோதிப்பார்கள். 140 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய். முதல் வருகையில் ஒரு முறையும், 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுமுறையும் இச்சோதனையைச் செய்வது வழக்கம். முதல் பிரசவத்துக்காக ஏழாம் மாதத்தில் திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ ரயில் ஏறும் பெண்களுக்கு இரண்டாவது சோதனை பயண ஏற்பாட்டில் விடுபட்டுப் போகக் கூடாது. மும்பையில் எழுதிய தாய் சேய் அட்டையைக் கையோடு கொண்டுபோய், ஊரில் பார்க்கும் மருத்துவரிடம் முதல் நாளே காட்டுவது நல்லது.

எவ்வளவு நம்பலாம்

மேலே சொன்னவற்றில் பல, மனிதர்களைத் தொடர்ந்து கவனித்து எழுதப்பட்ட ஆய்வுகள். மெலிந்த குழந்தையைப் பெற்ற தாய் வறுமையில் இருந்திருக்கலாம். அக்குழந்தை வளர்ந்த பின்னும் அந்த வறுமையே நோய்க்குக் காரணமாகியிருக்கலாம். பிறப்பு எடையைக் குறைக்கும் மரபணுக்களே பிற்காலத்தில் இரத்த அழுத்தத்தை உயர்த்தவும் செய்யலாம். அண்மைக் கால மரபணு ஆய்வுகள், எடைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பில் மரபணுவின் பங்கு முன்பு எண்ணியதைவிடப் பெரியது என்று காட்டுகின்றன. இரண்டாம் உலகப் போரில் நடந்த லெனின்கிராடு முற்றுகைக் காலத்தில் கருவில் இருந்தவர்களை ஆராய்ந்தபோது, நெதர்லாந்தில் கண்டது போன்ற சர்க்கரைக் கோளாறு அங்கே தெளிவாகத் தென்படவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, பிறப்பு எடை ஒரு கிலோ கூடினால் இதய இரத்தக்குழாய் நோயின் வாய்ப்பு 10 முதல் 20 விழுக்காடு வரை குறைகிறது. புகைப்பதும் கட்டுப்படுத்தாத இரத்த அழுத்தமும் செய்யும் தீங்கு இதைவிடப் பெரியது.

இந்த ஐயங்களுக்குப் பின்னும், சிறுநீரகமும் இதயத் தசையும் தமனியும் கருப்பையில் கட்டப்படுகின்றன என்ற உடற்கூற்று உண்மை அசையவில்லை. ஆகவே தாயின் உணவைப் பொருட்படுத்துவதற்குப் போதிய காரணம் இருக்கிறது. ஒரு நாள் சரியாக உண்ணவில்லை என்று தாய் அஞ்சி வருந்துவதற்குக் காரணம் இல்லை.

தட்டில் என்ன இருக்க வேண்டும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வகுத்த அளவின்படி, கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 350 கலோரி கூடுதலாகத் தேவை. ஒரு தம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு சிறிய வாழைப்பழம் ஆகியவற்றிலேயே இது ஏறக்குறைய வந்துவிடும். இரண்டு மடங்கு சாப்பாடு வேண்டியதில்லை. புரதம் நடு மூன்று மாதங்களில் 9.5 கிராமும், கடைசி மூன்று மாதங்களில் 22 கிராமும் கூடுதலாக வேண்டும். பிள்ளை பெருத்துவிட்டால் பிரசவம் கடினமாகும் என்று கடைசி மாதங்களில் உணவைக் குறைக்கச் சொல்லும் பெரியவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். புரதத் தேவை உச்சத்தில் இருப்பதும், எலாஸ்டின் படிவதும், நெஃப்ரான்கள் முடிவடைவதும் அந்த மாதங்களில்தான்.

மும்பையில் இதற்கு வழி தேட வேண்டியதில்லை. மாட்டுங்கா சந்தையில் முருங்கைக்கீரையும் அரைக்கீரையும் கிடைக்கின்றன. தெருமுனைத் தள்ளுவண்டியில் மேத்தி எனப்படும் வெந்தயக்கீரையும் பாலக் கீரையும் குறைந்த விலைக்கு வருகின்றன. இங்கே நாச்ணி என்று விற்கப்படுவது நம் கேழ்வரகுதான். துவரம்பருப்பு, கொண்டைக்கடலை, முட்டை, மத்தி மீன், தயிர் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருந்தால் புரதக் குறை பெருமளவு நீங்கும். சைவ உணவு மட்டும் உண்பவர்கள் பி12-ஐப் பற்றித் தனியாகக் கவலைப்பட வேண்டும். கீரையிலும் பருப்பிலும் அது இல்லை. பாலிலும் தயிரிலும் கொஞ்சம் உண்டு. புனே ஆய்வில், பி12 குறைவாகவும் ஃபோலேட் மிகுதியாகவும் இருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு அதிகமாகக் காணப்பட்டது. இதைப் படித்துவிட்டு ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மூளை, தண்டுவடக் குறைபாடுகளைத் தடுப்பது அதுவே. பி12 அளவைச் சோதித்துக் குறை இருந்தால் அதையும் சேர்த்துத் தருமாறு மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை 180 நாட்களுக்குத் தரப்படுகிறது. சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் இரும்பு உடலில் சேர்வது குறையும்; எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றுடன் உண்டால் கூடும். கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் வேறு வேறு வேளைகளில் விழுங்க வேண்டும். கால்சியத்துக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பு கர்ப்பகால இரத்த அழுத்தத்தின் வழியாக வருகிறது. அந்த நோய்க்கு ஆளான தாய்மார்களின் பிள்ளைகளுக்கும் பிற்காலத்தில் இரத்த அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருக்கக் காண்கிறோம். பெங்களூரில் 11,000 பெண்களிடம் நடத்தி 2024-இல் வெளியிட்ட பரிசோதனை, அந்த நோயைத் தடுப்பதில் நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் கால்சியமே 1,500 மில்லிகிராம் அளவுக்குப் பயன் தருகிறது என்று காட்டியது.

உணவல்லாத ஒன்றையும் இந்த நகரத்தில் சொல்லாமல் விட முடியாது. பல் துலக்கும் பெயரில் மிஷ்ரி என்ற கருக்கிய புகையிலைத் தூளை ஈறில் தேய்க்கும் பழக்கம் இங்குள்ள பெண்களிடம் இருக்கிறது. அக்கம்பக்கத்திலிருந்து அது நம் தமிழ்ப் பெண்களையும் பற்றுகிறது. மெல்லும் புகையிலையையும் மிஷ்ரியையும் பயன்படுத்திய மும்பைத் தாய்மார்களின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்ததாக 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. மாதக்கணக்கில் உண்ட சத்துச் சிற்றுண்டி சேர்த்த எடையைப் போல இரண்டு மடங்கை இந்தத் தூள் எடுத்துவிடுகிறது.

கடைசியில் உண்ணும் பெண்ணுக்குப் பாத்திரத்தில் மிஞ்சுவது சோறும் ரசமுமாக இருக்கும் வரை, மேலே சொன்ன எந்த அளவும் காகிதத்திலேயே நிற்கும். அவருக்கான முட்டையும் பாலும் முதலில் எடுத்து வைக்கப்பட வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர்கள் கணவரும் மாமியாரும். பெண் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த பிறகு தொடங்குவது தாமதம் என்பதால், திருமணமான புதிதிலேயே, இன்னும் சொல்லப்போனால் பெண் பிள்ளைகளின் பதின்ம வயதிலேயே இது தொடங்க வேண்டும். இந்தியாவில் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள் என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்தச் சோகை கர்ப்பத்தில் தொடங்கியது அல்ல.

குழந்தை ஏற்கெனவே எடை குறைந்து பிறந்துவிட்டிருந்தால், அதன் பிறகு செய்யக்கூடியவையும் உண்டு. முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதும், இரண்டு வயது வரை நல்ல வளர்ச்சி கிட்டச் செய்வதும் தேவை. அதன் பின்னர் ஒல்லிப் பிள்ளையைக் கொழுக்க வைக்கும் முயற்சி ஆபத்தாகலாம். தில்லியில் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்ட சுமார் 1,500 பேரை 26 முதல் 32 வயதில் சோதித்தபோது, குழந்தைப் பருவத்தில் மெலிந்திருந்து, பிறகு உயரத்துக்கு மிஞ்சிய எடையை விரைந்து பெற்றவர்களுக்கே சர்க்கரைக் கோளாறு அதிகம் வந்திருந்தது. பன்னிரண்டு வயதில் இவர்களில் எவரும் உடற்பருமன் உள்ளவர் அல்லர். தம் சிறு வயது உடலோடு ஒப்பிட்டால் மட்டுமே எடை ஏறியவர்கள். ஆகவே எடை குறைந்து பிறந்த பிள்ளையின் பிறப்பு எடையை ஓர் இடத்தில் எழுதி வைத்து, அவர் வளர்ந்து இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மருத்துவரைப் பார்க்கும்போது, தந்தைக்கு மாரடைப்பு வந்ததா என்ற கேள்விக்கான விடையோடு அந்த எண்ணையும் சொல்ல வேண்டும்.